இறங்க மறந்த வட்டி

வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும் என்பதால் தெருவிலும் பள்ளியிலும் அவள் பெயர் மிளகாய். அந்த வாரம் முழுக்க அந்த மூக்கு வெளுக்கவே இல்லை.

காரணம், இஸ்திரி அக்கா.

மிளகாயின் அம்மா சலவைக் கடை வைத்திருந்தாள். வங்கிக் கடனில் வாங்கிய இரண்டு பெரிய சலவை இயந்திரங்கள். துவைப்பது அம்மா, தேய்ப்பது அக்கா. சொந்த அக்கா இல்லை. ஆனால் தினமும் மிளகாயின் சீருடைக் காலரை நிமிர்த்திவிட்டு, "போ, மந்திரி மாதிரி இருக்கே" என்று பள்ளிக்கு அனுப்புகிறவள்.

"திங்கட்கிழமை மாசம் முடியுதில்ல? அதோட நின்னுக்கம்மா" என்று அம்மா சொன்னபோது அக்கா தலை நிமிரவில்லை. "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள்.

"ஏம்மா அக்காவைப் போகச் சொல்றே?" என்று மிளகாய் கத்தினாள்.

"வங்கித் தவணை ரெண்டு தடவை ஏறிடுச்சுடி. வட்டிய ஏத்திட்டாங்களாம். அவளுக்குக் குடுக்க வேண்டிய சம்பளம் இப்ப வங்கிக்குப் போகுது."

"யாரு ஏத்துனது?"

"எல்லாம் மேல இருக்கறவங்க."

"மாடி வீட்டு மாமாவா?"

அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மேலே இருப்பவர்களை மிளகாய் வியாழக்கிழமையே பார்த்துவிட்டாள். மத்திய வங்கியைச் சுற்றிக் காட்டப் பள்ளியிலிருந்து அழைத்துப் போனார்கள். ஒவ்வொரு தூணையும் ஆறு பிள்ளைகள் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அவ்வளவு பெரிய கட்டடத்தில் சாதாரணமாக நடப்பவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் நாட்டைத் தலையில் சுமப்பதுபோலவே நடந்தார்கள்.

விளக்கம் சொல்ல ஓர் அதிகாரி வந்தார். டையை இறுக்கிக் கட்டியிருந்ததால் வார்த்தைகள் பிதுங்கிப் பிதுங்கி வந்தன.

"குழந்தைகளே! நாட்டோட கடிவாளம் இங்கதான் இருக்கு!" என்றார். நெஞ்சைத் தொட்டுச் சொன்னதால், அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கிறது என்று பாதிப் பேர் நினைத்தார்கள்.

மேஜைமேல் ஒரு பொம்மை நகரம் இருந்தது. பக்கத்தில் ஒரு பித்தளைக் கைப்பிடி.

"விலைவாசி தறிகெட்டு ஓடுதா? வட்டிய ஏத்துவோம்." கைப்பிடியை உயர்த்தினார். பொம்மைக் கடைகளின் விளக்குகள் மங்கின. "நாங்க வங்கிகளுக்குக் கொடுக்கற பணத்துக்கு வட்டி ஏறினா, வங்கிகள் ஜனங்களுக்குக் கொடுக்கற கடனுக்கும் ஏறும். ஜனங்க கடன் வாங்கத் தயங்குவாங்க, செலவைச் சுருக்குவாங்க. வாங்க ஆள் குறைஞ்சா விலை அடங்கும். ரொம்ப மந்தமாயிட்டா, இப்படி!" கைப்பிடியைத் தாழ்த்தினார். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"நீங்கதானா அது!"

கைதட்டல் நின்றது. மிளகாயின் மூக்கைப் பார்த்ததும் ஆசிரியை, "ஐயோ" என்றார்.

"எது பாப்பா?" என்றார் அதிகாரி.

"நீங்க அதைத் தூக்கினதாலதான் எங்க இஸ்திரி அக்காவுக்கு வேலை போகப்போகுது. இந்தக் கடையில அக்கா எங்க இருக்காங்க? காட்டுங்க."

அதிகாரி குனிந்து பொம்மைக் கடைக்குள் பார்த்தார். ஆள் யாரும் இல்லை. செலவு அதிகமாகும் என்று மனிதப் பொம்மைகளை மட்டும் வாங்காமல் விட்டுவிட்டார்கள்.

"அது... நாட்டு நலனுக்காக எல்லாரும் கொஞ்சம் தியாகம்..."

"உங்க சம்பளமும் குறைஞ்சுதா சார்?"

டை இன்னும் இறுகியது. "அதான் இப்ப இறக்கிட்டோமே! விலை அடங்கிடுச்சு, மூணு மாசம் முன்னாடியே வட்டிய இறக்கியாச்சு. இதோ!" என்று சுவரைக் காட்டினார். அங்கே தேதியோடு பொன்னிற எழுத்தில் எழுதியிருந்தது.

"எங்க வீட்டுக்கு வரலையே?"

"மெதுவாத்தான் வரும்."

"ஏறும்போது ஒரே வாரத்துல வந்துச்சே, அது குதிரையில வந்துச்சா? இறங்கும்போது மட்டும் ஆமை மேல வருதா?"

"நல்ல கேள்வி. குறிச்சுக்கறேன்" என்றார் அதிகாரி. அவர் கையில் பேனாவும் இல்லை, தாளும் இல்லை.

அன்று மாலை மிளகாய் அம்மாவின் தகரப் பெட்டியைக் கவிழ்த்தாள். வட்டி கூடியதாக இரண்டு கடிதங்கள் இருந்தன. குறைந்ததாக ஒன்றுகூட இல்லை. கடன் பத்திரத்தில் எறும்பு வரிசைபோல் இருந்த எழுத்துகளை அளவுகோல் வைத்து வரிவரியாகப் படித்தாள். பதினான்காம் பக்கத்தில் மாட்டியது: மத்திய வங்கி வட்டியைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்தக் கடனின் வட்டியும் அதற்கேற்ப மாற்றப்படும்.

சனிக்கிழமை காலை அம்மாவைக் கடன் கொடுத்த வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பெரியவங்க இருக்கற இடம்டி. வாயை மூடிட்டு வரணும்" என்றாள் அம்மா.

"அவங்க வாயைத் திறந்தா நான் மூடிக்கறேன்."

மேலாளர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவருடைய பை உட்கார்ந்திருந்தது, இன்னொன்றில் சாப்பாட்டு டப்பா. அம்மா பத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள்.

மிளகாய் சுவரில் இருந்ததைச் சத்தமாகப் படித்தாள். "வாடிக்கையாளரே எங்கள் முதலாளி." பிறகு, "சார், முதலாளி நின்னுட்டிருக்காங்க. டப்பா உக்காந்திருக்கு" என்றாள்.

மேலாளர் டப்பாவை எடுத்தார். அம்மா நுனியில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னாள்.

"ஓ, அதுவா? குறைப்போமே. நீங்க விண்ணப்பம் கொடுக்கணும்மா" என்றார் மேலாளர்.

"கொடுக்கணும்னு எங்களுக்குக் கடிதம் போட்டீங்களா?" என்று மிளகாய் கேட்டாள்.

"அப்படி வழக்கமில்ல பாப்பா."

"அப்ப வட்டிய ஏத்தச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தது யாரு சார்?"

கதவு திறந்திருந்தது. வெளியே வரிசையில் சலசலப்பு அடங்கியது.

"அதை... கம்ப்யூட்டர் தானா பண்ணிடும்."

"உங்க கம்ப்யூட்டருக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியுமா? நான் ரெண்டாம் வகுப்புலயே கழித்தலும் படிச்சுட்டேன்."

வரிசையில் நின்ற ரொட்டிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எனக்கும் அடுப்புக் கடன் இருக்கே! எனக்கும் இறங்கலையே!"

"என் வண்டிக் கடனும்தான்!" என்றார் டாக்சி ஓட்டுநர்.

"எல்லாரும் அமைதியா இருங்க. இது வங்கி" என்றார் மேலாளர்.

அப்போது அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மிளகாய் அன்றுதான் கவனித்தாள், அம்மாவின் மூக்கு நுனியும் சிவக்கும்.

"மூணு மாசமா அமைதியாத்தான் சார் இருந்தோம்" என்றாள் அம்மா. "நீங்க ஒரு காகிதத்தைப் பத்திச் சொல்லாம வெச்சிருந்தீங்க. நான் ஒரு பொண்ணை வேலைய விட்டுப் போகச் சொல்லிட்டேன். விண்ணப்பத்தைக் குடுங்க."

விண்ணப்பங்கள் மேஜையின் கடைசி டிராயரில் இருந்தன. யாரும் திறந்ததே இல்லாததால் டிராயர் வரவில்லை. உதவியாளர் ஓர் உதை விட்ட பிறகுதான் வந்தது.

மிளகாய் அம்மாவுடையதை நிரப்பிக் கொடுத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கண்ணாடி கொண்டு வராத ரொட்டிக் கடைக்காரருக்கு நிரப்பினாள். அதற்கப்புறம் டாக்சிக்காரருக்கு. மேலாளர் கையெழுத்துப் போட்டுப் போட்டு விரலை உதறினார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து தவணை குறையும். சரிதானே?"

"மூணு மாசமா கூட வாங்கினீங்களே, அது?"

மேலாளர் பெருமூச்சு விட்டார். "அதுக்குத் தனி விண்ணப்பம்."

"அதையும் எடுங்க சார்" என்று வரிசை முழுவதும் ஒரே குரலில் சொன்னது. உதவியாளர் இன்னொரு டிராயரை உதைக்கப் போனார்.

கடைக்குத் திரும்பியதும் அம்மா அக்காவிடம் போய் நின்றாள். "ஏறினது முழுசும் இறங்கல. கொஞ்சம் இடிக்கும், நான் பாத்துக்கறேன். நீ போக வேணாம்மா."

அக்கா ஒரு சட்டையை எடுத்து விரித்து, குனிந்தபடி தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, அது ஏற்கெனவே தேய்ச்ச சட்டை!" என்றாள் மிளகாய்.

"தெரியும் போடி" என்றாள் அக்கா, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் இங்கதானே இருக்கப்போறேன்? எனக்கு என்ன அவசரம்?"