ஊதாத் துணிக்குள் ஒரு பாதம்

பாஸ்கா எனும் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, காலை எட்டரை. தபசு காலத்துக்காக மாதா சிற்பத்தை மூடியிருந்த ஊதாத் துணியை விலக்கித் தூசி தட்டினான் தேவாலயப் பணியாளான கோயில்பிள்ளை ஒரெஸ்தே. குழந்தை சேசுவின் கால்விரல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஐந்நூறு வருஷத்துப் பளிங்கு உதிருமா?

ஒன்பதுக்குள் இத்தாலியின் கராரா மலையேறி வந்துவிட்டாள் காவல் அதிகாரி எர்சிலியா. மாடத்தில் இருந்தது மெழுகு பூசிய பிளாஸ்டர். அசலைக் காணோம்.

சிற்பத்தின் பூர்வீகத்தை ஆராயப் பெரிய கருவிப்பெட்டியோடு வண்டியில் வந்திருந்த புரொபசர் லான்ஃப்ரேதி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பிளாரன்ஸ் பட்டறை வேலை, மேடம். உளித்தடமே சொல்லுது. போச்சே!"

"இந்தப் பிளாஸ்டர் அச்சை எடுத்தது யாரு?"

"நான்தான், ஆராய்ச்சிக்கு. சாமான் அறையில வச்சிருந்தேன். சாவி ஒரெஸ்தேகிட்ட."

"அசலைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"வியாழன் சாயங்காலம். துணிக்குள்ள கையை விட்டு உளித்தடத்தைத் தடவினேன்."

வியாழன் இரவு ஊரே கோயிலில் விழித்திருந்து ஜெபித்தது. பெரிய வெள்ளி இரவு அங்கே காவல் இருந்தவன் ஒரெஸ்தே மட்டும்தான். எல்லாம் அவன் தலையில்தான் விடிந்தது.

"மாதாவை நான் திருடுவேனா, அதிகாரியம்மா?" அவன் குரல் உடைந்தது. எர்சிலியா அவன் கைகளைப் பார்த்தாள். விலங்கு மாட்டத்தான் வேண்டியிருக்கும்.

துணியை ஒருமுறை விரித்துப் பார்த்தாள். பாதத்துக்கு நேராக, ஓரத்தில் வெள்ளைக் கறை. பிளாஸ்டரா? எச்சில் தொட்டுத் தேய்த்தாள். பசைபோல ஒட்டியது. ரொட்டி மாவு. நேரே ரொட்டிக்கடை ஒர்னெல்லாவிடம் போனாள்.

"பங்குச் சாமியார்கிட்ட சொல்லிடாதீங்க," என்றாள் ஒர்னெல்லா. "துணி போட்டா தொடக்கூடாதும்பாரு. நாங்க பொம்பளைங்க கேப்போமா? விடிஞ்சதும் கைய விட்டுப் பாதத்தைத் தொட்டுட்டுத்தான் மத்த வேலை. நான் மாவு பிசைஞ்ச கையோடயே ஓடுவேன்."

"எதாச்சும் வித்தியாசம் தெரிஞ்சுதா?"

அவள் கண் கலங்கியது. "புதன்கிழமை பாதம் சில்லுனு இல்ல. கதகதன்னு இருந்துச்சு. ஆஸ்பத்திரியில கெடக்குற எம்புருஷன் பொழச்சுக்குவாருன்னு மாதா சொல்றாங்கன்னு நெனச்சேன்."

"அவரை ஆஸ்பத்திரியில சேர்த்தது எப்போ?"

"செவ்வாய் ராத்திரி. ஒரெஸ்தேதான் வண்டியில கூட்டிட்டுப் போனான். கோயில் சாவியைப் புரொபசர்கிட்ட கொடுத்துட்டு, விடியுற வரைக்கும் எங்ககூடவே இருந்தான்."

பத்தரை மணி. எர்சிலியா புரொபசர் எதிரே வந்து நின்றாள்.

"பளிங்கு எப்பத் தொட்டாலும் சில்லுனுதான் இருக்கும். பிளாஸ்டர் அப்படி இல்ல. புதன் விடியும்போதே மாதா மாறியாச்சு. அப்போ வியாழக்கிழமை நீங்க எந்த உளித்தடத்தைத் தடவினீங்க?"

"யாரோ ரொட்டிக்காரி பேச்சை நம்பியா..."

"யாரோ ரொட்டிக்காரின்னு நான் சொல்லவே இல்லையே. அவ தொடுறது உங்களுக்குப் பின்னாடிதான் தெரிஞ்சிருக்கும். அதுக்கு முன்னாடியே வியாழன் வரைக்கும் அசல் இருந்துச்சுன்னு பொய் சொல்லிட்டீங்க. பழி வெள்ளிக்கிழமைக் காவல்காரன்மேல விழணுமே! வண்டியில இருக்கிற கருவிப்பெட்டியைத் திறங்க."

பெட்டிக்குள், வைக்கோலுக்கு நடுவே, மாதா இருந்தாள்.

மதியம் சிற்பம் மாடம் ஏறியது. ஒர்னெல்லா பாதத்தைத் தொட்டாள். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சில்லுனு இருக்கு," என்றாள் மெல்ல. "அப்போ அன்னைக்கு மாதா எதுவும் சொல்லலியா?"

ஒரெஸ்தே வண்டிச் சாவியை எடுத்தான்.

"வா ஒர்னெல்லா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். துணிக்குள்ள நீ கைய விட்டதாலதான் நான் இன்னைக்கு விலங்கு இல்லாம வண்டி ஓட்டுறேன்."