போயிட்டு வா

காலை ஒன்பது மணிக்குத் திருநெல்வேலி வானத்தில் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு கல்லீரலும் பறந்துகொண்டிருந்தன. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. உறுப்புகளைச் சுமக்கும் இந்த இயந்திரப் பறவைகள் புழக்கத்துக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது.

மருதவாணன் மட்டும் மருத்துவமனை மொட்டைமாடியில் காத்திருந்தான். வரப்போவது அவன் வடிவமைத்த புது மாதிரி. பேச்சைப் புரிந்து நடப்பது. அதன் வயிற்றில் மதுரையிலிருந்து ஓர் இதயம். கீழே அறுவை அறையில் ஒரு பள்ளி ஆசிரியை மயக்கத்தில் கிடந்தார்.

மின்னல், மாஞ்சா நூல், பருந்து என அறுநூற்றுப் பதினோரு இடர்களை யோசித்து, ஒவ்வொன்றுக்கும் தடுப்பு வைத்திருந்தான். திருட்டுக்கான தடுப்பு இது: அனுப்பியவர் குரலுக்கு மட்டுமே பறவை கட்டுப்படும். அவரும் பழைய கட்டளையைத் தன் வாயால் ரத்து செய்த பிறகே புதியதை ஏற்கும்.

பறவை இறங்கியது. வயிற்றைத் திறக்கவில்லை. வடக்கே திரும்பி இறக்கையை விரித்தது.

"எங்க கிளம்புற?"

"மதுரைக்கு. போயிட்டு வான்னாங்க. போயாச்சு. இனி வரணும்."

"இதயத்தை யாரு குடுக்குறது?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

மருதவாணன் அதன் காலைப் பிடித்துக்கொண்டே மதுரையை அழைத்தான். அனுப்பிய செவிலியர் ஜெசிந்தா ஸ்பீக்கரில் பேசினாள்.

"அக்கா, 'வராதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்பத்தான் 'திற'ன்னா திறக்கும்."

"உசிர் காக்கப் போனதைப் பார்த்து வராதேன்னா? என் வாயில வராது தம்பி."

"இன்னும் இருபது நிமிஷந்தான் தாங்கும்க்கா."

"அங்கேயே இருய்யான்னு சொல்லட்டா?"

"அது ரத்துக் கணக்குல சேராது," என்றது பறவை.

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏ நோயே, இனிமே அந்தப் பக்கம் வராதே," என்றாள்.

பறவைக்குக் கடைசிச் சொல் போதுமாயிருந்தது. ஜெசிந்தா 'இப்பத் திற' என்றதும் வயிறு திறந்தது. மதியத்துக்குள் ஆசிரியையின் மார்பில் அந்த இதயம் துடித்தது.

மறுவாரம் இடர்க்குழு கூடியது. அறுநூற்றுப் பன்னிரண்டாவது இடருக்கு 'உபசாரம்' என்று பெயர் வைத்தார்கள். மனிதர்கள் மரியாதைக்குச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பறவைக்குக் கற்பித்தான் மருதவாணன். எண்ணூறு பக்க அறிக்கை மேசைக்கு வந்தது. ஒன்பது உறுப்பினர்களும், காபி ஆறுவதற்குள், 'முழுவதும் படித்தேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டார்கள்.

மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த பறவை தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"சார், நான் சரியாத்தான் கத்துக்கிட்டேனான்னு பார்க்கணும். இதுவும் உபசாரந்தானே?"