செவ்வாய்க்கிழமையே இறந்தவர்

"வீ...ல்!"

அந்த அலறலில் டார்வின் துறைமுகம் வரைக்கும் மாமரங்களில் தொங்கிக்கொண்டிருந்த வௌவால்கள் அத்தனையும் பட்டப்பகலில் பறந்தோடின!

புதன்கிழமை காலை பத்து மணி. பல்கலைக்கழக நூலகம். மூன்றாவது மாடி, ஒலிப்பதிவு அறை.

அலறியவள் நெரிடா. நூலகத்தின் டிஜிட்டல் பிரிவுக்கு எல்லாமே அவள்தான்.

நாற்காலியில் அவர். காதில் ஹெட்போன். கண்கள் திறந்தபடி...

மூச்சு இல்லை!

அவர் பெயரை நான் எழுதமாட்டேன். துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் தீவின் பழங்குடிக்காரர். இறந்தவர் பெயரைச் சொல்வதும், குரலை ஒலிக்கவிடுவதும் அவர்களிடம் கொஞ்ச காலத்துக்குக் கிடையாது. தன் தீவின் பாட்டும் கதையுமாக இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளை, ஏழு வருஷமாக நெரிடா பக்கத்தில் உட்கார்ந்து கணினியில் ஏற்றியவர். பாடம் நடத்துகிறவர்களுக்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் அதுதான் சோறு.

சார்ஜென்ட் டாய்ல் வந்து சேர்ந்தார். அக்டோபர் புழுக்கத்தில் சட்டை நனைந்து, துறைமுகத்திலிருந்து நீந்தி வந்தவர் மாதிரி இருந்தார்.

"ஒரு மணி நேரம் ஆச்சு. இதயம்" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

"மேடம்... திரையில இவர் பேர் மேல ஏதோ கறுப்புப் பட்டை இருக்கே, அது என்ன?" என்றார் டாய்ல்.

நெரிடா எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"அது... பூட்டு. பதிவுல பேசினவர் காலமாயிட்டார்னு குறிச்சா விழும். குரல் யாருக்கும் கேக்காது. குடும்பம் சொன்னாத்தான் திறக்கும்."

"அதுக்குள்ள போட்டாச்சா? சுறுசுறுப்புதான்!"

"சார்ஜென்ட்... நான் போடல."

டாய்ல் குனிந்து தேதியைப் படித்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"செவ்வாய், மதியம் ரெண்டு நாப்பது. நேத்து! மனுஷன் செத்தது இன்னிக்கு. உங்க கம்ப்யூட்டருக்கு ஜோசியம் வருமா? போட்ட ஆள்... நெரிடான்னு இருக்கே!"

கதவு படாரெனத் திறந்தது.

கலிஸ்டா. இறந்தவரின் ஒரே மகள். அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"உயிரோட இருந்த எங்கப்பாவைச் செத்துட்டார்னு எழுதினீங்களா, ஆண்ட்டி?"

"இல்ல கண்ணு..."

"கண்ணுன்னு கூப்பிடாதீங்க! காலைல வந்து உக்காந்திருக்காரு. தன் பேர் மேல கறுப்பைப் பாத்திருக்காரு. நெஞ்சு நின்னுபோச்சு. இதுக்கு நீங்க கத்தியால குத்தியிருக்கலாம்!"

டாய்ல் குறுக்கே வந்தார்.

"உங்க பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும்... தெரியாது."

"நேத்து ரெண்டு நாப்பதுக்கு எங்க இருந்தீங்க?"

"கீழ் மாடியில. புதுப் பசங்க அறுபது பேருக்கு நூலகத் தளத்துல எப்படித் தேடறதுன்னு வகுப்பு."

"அறுபது பேரும் சாட்சி சொல்வாங்களா?"

"தூங்காத ரெண்டு பேர் சொல்வாங்க."

"அப்போ போட்டது வேற ஆள். அந்த ஆளுக்குப் பாஸ்வேர்டு தெரியும். நீங்க பொய் சொல்றீங்க. வண்டியில ஏறுங்க!"

கைவிலங்கு வெளியே வந்தது.

நெரிடா உடைந்தாள்.

"அவருக்குத் தெரியும்! நான்தான் குடுத்தேன். மாணவரும் இல்ல, ஊழியரும் இல்ல, தனி லாகின் கிடையாதுன்னுட்டாங்க. அவரோட பாட்டு சார் அது... அதைத் தொட அவருக்கே அனுமதி இல்லையாம்! வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும். அதான் மறைச்சேன்."

"பொய்!" கலிஸ்டாவின் குரல் கிறீச்சிட்டது. "தன்னைத்தானே எவனாவது செத்தவன்னு எழுதுவானா?"

"பூட்டும்போது ஒரு குறிப்பு எழுதணும். திறக்க உரிமை உள்ள ஆள் மட்டும்தான் படிக்கலாம். என்னால முடியாது. உன் லாகின்ல பாரு."

"அப்பா... குரலா?"

"இல்லம்மா. வெறும் எழுத்து."

மூன்று முறை தப்பாக அடித்தாள். நான்காவது முறை திறந்தது!

"மகளே... டாக்டர் போன வாரமே நாள் குறிச்சிட்டாரு. உனக்குப் பரீட்சை, அதான் சொல்லல. வீட்டு ஆள் இங்க வந்து, பேரைச் சொல்லி, கையெழுத்துப் போட்டாத்தான் பூட்டுவாங்க. உங்கம்மாவுக்கு நான் போட்டேன். அந்த வேலை உனக்கு வேண்டாம். அதான் எனக்கு நானே பூட்டிட்டேன்.

"நெரிடாவை நம்பி விட முடியாது. ஒவ்வொரு சாவுக்கும் அழுதுக்கிட்டே சேமிக்க மறந்துடுவா. அப்புறம் நான்தான் வந்து ரெண்டாவது தடவை அமுக்கணும்.

"நாளைக்கு வந்து உங்கம்மா குரலைத் திறக்கப் போறேன். ஆறு வருஷமாச்சு."

கலிஸ்டா ஹெட்போனைப் பார்த்தாள். மெதுவாகக் கழற்றித் தன் காதில் வைத்தாள்.

உள்ளே அம்மா திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள்.

"ஆண்ட்டி..."

நெரிடாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

விலங்கு பைக்குள் போனது.

"பாஸ்வேர்டு பத்தி ஏதோ சொன்னீங்க. எனக்கு ஒரு காது மந்தம்" என்றார் டாய்ல், மூக்கை உறிஞ்சியபடி.

குறிப்புக்குக் கீழே இன்னும் ஒரு கட்டம் இருந்தது. குரலை மறுபடி எப்போது திறக்கலாம் என்று கேட்கிற கட்டம். மற்றவர்கள் தேதி எழுதுவார்கள்.

அவர் எழுதியிருந்தார்:

"நீ அழுது முடிச்சப்புறம். அவசரமில்ல... எனக்கு இனிமே வேற என்ன வேலை!"