மலையடி நிலையத்தின் கட்டம்

மேசைத் தொலைபேசியை எடுத்ததும் மறுமுனையில் யாரோ இருமினார்கள், பேசாமல் வைத்துவிட்டார்கள். மதியத்திலிருந்து இது நான்காவது தடவை. ஊரே சளியும் பேதியுமாய்க் கிடக்கிற மழைக்காலத்தில் இருமலுக்கா பஞ்சம் என்று எழுத்தர் முதலில் சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் கிருமிநாசினி வாசனையும் அதற்கடியில் புளித்த வாந்தி நாற்றமும் எழும்பி, மின்விசிறிக் காற்றிலும் கலையாமல் அவளையே சுற்றி நின்றன.

வட்டாரத்தின் பதினாறு சுகாதார நிலையங்கள் வெள்ளிதோறும் தரும் எண்களைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. இருமல் காய்ச்சல் எத்தனை, வாந்திபேதி எத்தனை, இறப்பு எத்தனை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பட்டியல் மேலே போகாது. போன பிறகு திருத்தவும் முடியாது. மலையடி நிலையம் மூன்று வாரமாக எதுவுமே அனுப்பவில்லை.

"மழையில லைன் போயிருக்கும். சைபர் போட்டு அனுப்பித் தொலைம்மா" என்றார் மேலதிகாரி. வாராவாரம் போட்டாள். சைபர் இருக்கிற ஊருக்கு எவன் மருந்து அனுப்புவான்?

அங்கே செவிலியாக இருப்பவள் அவளுடைய ஒரே மகள். கல்யாணப் பேச்சில் சண்டை போட்டுவிட்டுப் போனவள். கோபத்தில்தான் போன் எடுக்கவில்லை என்று இவளும் வீம்பாக இருந்துவிட்டாள். பாவி, ஒரு நடை போய்ப் பார்த்திருக்கக் கூடாதா!

இன்றும் சைபர்களைப் போட்டாள். தொலைபேசி ஒலித்தது.

"அம்மா."

"கண்ணு! ஏண்டி இத்தனை நாளா..."

குரலுக்குப் பின்னால் ஓர் அறை நிறைய இருமல். ஓங்கரிப்பு. ஏதோ ஈரமாகத் தரையில் விழுந்து வழிகிற சத்தம்.

"இறப்புலயும் சைபர்தானே போட்டே? அதான் இங்க யாருக்கும் உயிர் போகமாட்டேங்குது. முதல் வாரமே போயிருக்கணும். உடம்பெல்லாம் அழுகிப்போச்சும்மா. இருமல் நிக்கல."

"உளறாதடி. இப்பவே வண்டி அனுப்பறேன்."

"வண்டி எதுக்கு? எண்ணைப் போடு. ஊரே நாப்பத்தொரு பேர். என்னையும் சேத்து நாப்பத்திரெண்டு."

மேலதிகாரி எட்டிப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. அனுப்பியாச்சாம்மா?"

இறப்புக் கட்டம். சைபரை அழித்தாள். நான்கு. அடுத்து இரண்டின் மேல் விரல் நின்றது. பெற்ற வயிறு கேட்கவில்லை.

ஒன்றை அழுத்தினாள். அனுப்பினாள்.

மறுமுனையில் இருமல் அத்தனையும் ஒரே கணத்தில் நின்றது.

பிறகு ஒன்று. ஒன்றே ஒன்று.

"அம்மா... என்னை விட்டுட்டியே."

மறுநாள் ஆட்கள் போய் நாற்பத்தொரு உடல்களை எடுத்தார்கள். செவிலியை எங்கும் காணவில்லை. ஆளில்லாத ஊருக்கு நிலையம் எதற்கு என்று அதை மூடிவிட்டார்கள். அடுத்த வெள்ளி எழுத்தர் பட்டியலைத் திறந்தாள். பதினைந்து நிலையங்கள். மேலிருந்து கீழே தேடினாள். கீழிருந்து மேலே தேடினாள். மலையடிக்கு வரிசை இல்லை. எண் போடக் கட்டம் இல்லை.

தொலைபேசி ஒலித்தது. எடுத்தாள்.

இருமல்.