பதினோரு விலாசங்கள்

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மின்சாரம் வந்தது, எட்டே காலுக்குச் சாயிமா வந்தாள். ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் மின்சாரம் வந்துவிட்டால் தண்ணீர் ஏற்றுவதா, சோறு வைப்பதா, துணி தேய்ப்பதா என்று வீட்டுக்கு வீடு ஓட்டம்தான். பவானி மூன்றையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்து, எந்தக் கடை தானாக எரிந்தது, எதைக் கடைக்காரரே எரித்தார் என்று பிரித்துச் சொன்னவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆனாலும் ஏதாவது காணாமல் போனால் ஆட்கள் அவரைத் தேடி வருவது நிற்கவில்லை.

“பவானி அக்கா, ஒரு தாள் காணாமப் போயிடுச்சு” என்றாள் சாயிமா. ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. “வெறும் தாள்தான். ஆனா வார்டு ஆபீஸ் கையில கிடைச்சா பதினோரு வீட்டுக்கு ஆள் வரும்.”

கீழ்வீட்டு டாக்சிக்காரன் ஜுல்ஃபிகர் அதற்குள் படியேறி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பெட்ரோல் வரிசையில் நிற்காத நேரமெல்லாம் அவன் பவானியின் உதவியாளன். சம்பளம் கிடையாது. யார் நியமித்தார்கள் என்பதும் யாருக்கும் தெரியாது.

சாயிமாவுக்கு இருபத்தாறு வயது. நகரத்தின் நடுவில் ஆறாவது மாடியில் குடியிருந்து தையல் வேலை செய்கிறாள். வாடிக்கைக்காரர்களுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் உண்டு. ‘பக்கத்து வீடு’ என்று ஒரு சிறு பத்திரிகை நடத்துகிறாள். ஆணை நேசிக்கும் ஆண்கள், பெண்ணை நேசிக்கும் பெண்கள், பிறந்தபோது சொல்லப்பட்ட பாலில் நிற்காதவர்கள் எழுதுவது. எழுதியவர் பெயர் எதிலும் இருக்காது. இவர்களைப் பிடித்து உள்ளே போடப் பழைய சட்டம் ஒன்று இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அனுமதியில்லாமல் அச்சடித்தால் அதற்கு வேறு சட்டம்.

“ஒரே பெரிய தாள்” என்று விளக்கினாள் சாயிமா. “எட்டா மடிச்சு நடுவுல ஒரு வெட்டு வெட்டினா எட்டுப் பக்கப் புத்தகம். மூலத்தாள்ல துண்டு துண்டா நானேதான் ஒட்டுவேன். நாலு பக்கத்தைத் தலைகீழா ஒட்டணும், அப்பத்தான் மடிச்சா நேரா வரும். ஒட்டினதும் ஒரு காப்பி எடுத்து, மடிச்சு, நூல் போட்டுத் தைச்சுடுவேன். எழுதினவங்க அந்தத் தைச்ச பிரதியைத்தான் பார்ப்பாங்க.”

“அந்தப் பதினோரு வீட்டு விலாசம்?” என்றார் பவானி.

“மூலத்தாளுக்குப் பின்பக்கம் பென்சில்ல. அடுத்த இதழ்த் தாள்ல எழுதிக்கிட்டதும் பழைய தாளை எரிச்சிடுவேன், விலாசம் ஒரே இடத்துலதான் இருக்கும். போன்ல வெச்சா செக்போஸ்ட்ல பார்த்துடுவாங்களே.”

ரங்கூனில் மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கவிடுவார்கள். நுனியில் கிளிப், மேலே மணி. செய்தித்தாளோ கடிதமோ கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். ‘பக்கத்து வீடு’ம் அப்படித்தான் வெள்ளிக்கிழமை காலைகளில் வீடு சேர்ந்தது. பட்டியலில் பெயர்கள் இல்லை. தெரு, மாடி, கயிற்றின் நிறம், அவ்வளவுதான். பத்திரிகையில் வேலை செய்கிறவர்களும், சாயிமாவின் வீட்டைத் தவிர, ஒருவர் வீடு ஒருவருக்குச் சொல்வதில்லை. பிடிபட்டால் அடி தாங்காமல் சொல்லிவிட முடியாது, தெரியாததை எப்படிச் சொல்வது?

செவ்வாய் மதியம் மூன்று பேர் வந்திருந்தார்கள். கவிதை எழுதும் பிரேம்நாத், படம் வரையும் சத்யபாமா, கட்டுரை எழுதும் கணேஷ்குமார். ஆளுக்கொரு தடவை தைத்த பிரதியைப் புரட்டினார்கள். மூலத்தாள் அலமாரியில், ரவிக்கை அளவுத் தாள்களுக்கு அடியில் இருந்தது. சாயிமா டீ போட உள்ளே போனாள். அவர்கள் கிளம்பிய பிறகு பார்த்தால் தாள் இல்லை. தைத்த பிரதி மட்டும் நூல் அறுபடாமல் மேசைமேல் கிடந்தது.

“நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை” என்றாள் சாயிமா. “அவங்க மூணு பேரையும் சந்தேகப்பட எனக்கே அசிங்கமா இருக்கு. ஆனா அந்தப் பதினோரு பேர் என்னை நம்பித்தானே விலாசம் குடுத்தாங்க?” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பவானி மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

வியாழக்கிழமை காலை மூவரையும் சாயிமாவின் வீட்டுக்கு வரச்சொல்லி, ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பவானி கேட்டது ஒரே கேள்வி. “புது இதழ் எப்படி இருக்கு?”

பிரேம்நாத் உம்மென்று இருந்தான். “என் கவிதையில நாலு வரியை வெட்டிட்டாங்க. நாலாம் பக்கத்துல ஒரு மூலையில கிடக்குது. வேற என்ன சொல்ல?”

சத்யபாமா தன் படங்களைப் பற்றி மட்டும் பேசினாள். “அட்டையில ஒரு கை கயித்தைப் பிடிச்சிருக்கு, ஆறாம் பக்கத்துல இன்னொரு கை. தனித்தனியா வரைஞ்சு குடுத்தேன். அட்டைப் படத்தை இன்னும் பெருசாப் போட்டிருக்கலாம்.”

கணேஷ்குமார் கொஞ்சம் யோசித்துப் பேசினான். “படம்தான் மனசுல நிக்குது அக்கா. மேல ஒரு கை தலைகீழா, கீழ ஒரு கை நேரா, நடுவுல ஒரே கயிறு. ரெண்டு பேரும் ஒரே கயித்தை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சிருக்கிற மாதிரி.”

“நல்லாப் பார்த்திருக்கே” என்றார் பவானி.

ஜுல்ஃபிகர் அவரைச் சமையலறைக்குள் இழுத்துப் போனான். “அக்கா, என்ன இது, பத்திரிகைக்கு மதிப்புரையா கேக்கிறீங்க? அந்தப் பொண்ணு எவ்வளவு பெரிய படப்பலகை கொண்டுவந்திருக்கு பாருங்க. பத்துத் தாள் ஒளிக்கலாம். இல்லேன்னா அந்தக் கவிதைக்காரன், முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது.”

“அவன் கோபம் கவிதைக்கு. பிரேமையும் சத்யபாமாவையும் டாக்சியில பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வா.”

“எல்லாரையும் உக்கார வெச்சுத்தானே சொல்லணும்? அதுதானே முறை?” ஜுல்ஃபிகருக்கு முகம் விழுந்துவிட்டது.

“இன்னைக்கு இல்லே ஜுல்ஃபி. நாலு பேர் முன்னால அந்தத் தாள் வெளியே வந்தா அதுல இருக்கிற வீடெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். பத்தே நிமிஷத்துல வா, உனக்கும் சொல்றேன்.”

அவர்கள் போன பின் பவானி அளவுத்தாள் ஒன்றை எடுத்து எட்டாக மடித்தார். வெட்டினார். பக்கங்களுக்கு எண் போட்டுப் பிரித்து மேசைமேல் விரித்தார். அட்டைக்கு நேர் மேலே ஆறாம் பக்கம் தலைகீழாக இருந்தது.

“கணேசு, தைச்ச பிரதியில தலைகீழா ஒரு கையும் கிடையாது. அட்டைக்கும் ஆறாம் பக்கத்துக்கும் நடுவுல நாலு பக்கம் இருக்கு. ரெண்டு படமும் மேல்விளிம்பு ஒட்டி, கயிறு ஒன்னாச் சேர்றது விரிச்ச தாள்ல மட்டும்தான். வரைஞ்ச சத்யபாமாவே அதைப் பார்க்கலை. தைச்ச நூல் அறுபடலை, அதைப் பிரிச்சும் பார்த்திருக்க முடியாது. நீ மூலத்தாளைப் பார்த்திருக்கே.”

கணேஷ்குமார் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தான். சாயிமா பாய்ந்து எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பதினொன்றும் இருந்தன.

“என் கட்டுரையில ஒரு வார்த்தையை மாத்தணும்னு எடுத்தேன்” என்றான். “திருப்பினா எங்க வீடு. நாற்பத்தேழாம் தெரு, மூணாம் மாடி, மஞ்சள் கயிறு. வீட்டுல நானும் அப்பாவும்தான். நான் இதை வீட்டுக்கு வரவழைக்கவே இல்லை.”

“அதனால?”

“அப்பா கோயில் கமிட்டி ஆளு. வாரத்துல ரெண்டு நாள் வார்டு ஆபீஸ்லதான் உக்காந்திருப்பார். கொண்டுவர்ற ஆளைப் பிடிக்கத்தான் விலாசம் குடுத்திருக்கார்னு நினைச்சேன். நாளைக்குச் சாயிமா போனா மாட்டிக்கும். சொன்னா, பெத்த அப்பாவைக் காட்டிக் குடுத்த மாதிரி. அதான் தாளையே எடுத்துட்டா யாரும் எங்கேயும் போக மாட்டாங்கன்னு...”

சாயிமா தாளைக் கீழே வைத்தாள். “மஞ்சள் கயிறு உங்க வீடா?” என்று கேட்டாள். அவளுக்கும் அது அன்றுதான் தெரியும். “அதுக்கு நாலாவது இதழ்லேர்ந்து போட்டுட்டு இருக்கேன்.”

“நான் வெள்ளிக்கிழமை காலையில ஊருக்கு வெளியே மாவ்பியில வேலையில இருப்பேன். பார்த்ததே இல்லை.”

“மூணு இதழ் போயிருக்கு, ஒரு ஆளும் பிடிபடலை” என்றார் பவானி. “வலை விரிச்சவர் முதல் தடவையே இழுத்திருப்பார். சாயிமா, அந்த வீட்டுக்காரர் எப்படிக் கேட்டார்?”

“டெலிகிராம்ல ஒரு செய்தி வந்துச்சு. உடனே அழிச்சிட்டேன். ஆனா அது மறக்காது.” அவள் கணேஷ்குமாரைப் பார்த்தே சொன்னாள். “‘என் மகன் இதில் எழுதுகிறான் என்று நினைக்கிறேன். அவன் தலையணைக்கு அடியில் ஒன்றைப் பார்த்தேன். பெயர் போடாததால் எது அவன் எழுதியது என்று தெரியவில்லை. அவனைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும். தவறாமல் அனுப்புங்கள்.’ யாரோட அப்பான்னு எனக்குத் தெரியாது கணேசு. சத்தியமாத் தெரியாது.”

ஜுல்ஃபிகர் திரும்பி வந்து, ஏதோ கேட்க வாயெடுத்து, பவானியின் முகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றான்.

“அஞ்சாவது இதழ்ல நான் எழுதினேனே” என்றான் கணேஷ்குமார். “அப்பாவுக்குத் தெரிஞ்சா செருப்பைக்கூட எடுக்க விடாம வீட்டைவிட்டுத் துரத்திடுவார்னு. அதையும் வாசிச்சிருப்பாரு.”

“அதை வாசிச்சிட்டுத்தான் ஆறாவது இதழும் வாங்கியிருக்கார்” என்றார் பவானி.

கணேஷ்குமார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சின்னப் பிள்ளை மாதிரி வெட்கமில்லாமல் அழுதான். சாயிமா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அழுது முடித்து, தண்ணீரைக் குடித்து, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

“நாளைக்கு மாவ்பிக்கு லீவு போடறேன். எங்க வீட்டுப் பிரதியை என்கிட்ட குடு. நானே மாடியேறிப் போய்க் குடுக்கிறேன்.”

சாயிமா ரப்பரை எடுத்து ஏழாவதாக இருந்த மஞ்சள் கயிறு விலாசத்தை அழித்தாள்.