பனிப்பூக் கல் மோதிரம்

காலை ஏழு மணி. பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிய பெண்கள்தான் கிருஷாந்தியை முதலில் பார்த்தார்கள். நோர்வூட் பாதைக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடும் வடிகானில் குப்புறக் கிடந்தாள். கழுத்தில் விரல் தடங்கள். ஹட்டனில் பிரதாபனின் நகைக்கடையில் கல் பதிக்கிறவள். அடுத்த மாதம் கல்யாணம்.

பொலிஸ் வந்து அவள் கையைப் பிரித்தபோது ஓர் ஆண் மோதிரம் இருந்தது. வெள்ளிக் கட்டு. கறுப்புக் கல்லில் சாம்பல் வெள்ளையாகப் பூப்பூவாய்ப் புள்ளிகள். எரிமலைக் குழம்பு ஆறி உறைந்த கண்ணாடி அது. கடையில் பனிப்பூக் கல் என்பார்கள், தோட்டத்து லய வீடுகளில் சனிக்கல். கல் தோலில் பட்டால்தான் தோஷம் கழியும் என்று கட்டின் அடிப்பக்கத்தைத் திறந்தே விடுவார்கள். அதனால் கல்லின் இரு முகமும் தட்டையாக, ஒரே மெருகில் இருக்கும்.

பொலிஸ் கான்ஸ்டபிள் சர்மிளா மோதிரத்தைத் திருப்பினாள். அடியில், கல்லின் நடுவில், கடுகளவு சிவப்பு.

“இரத்தம்,” என்றார் இன்ஸ்பெக்டர் வீரக்கோன் சிங்களத்தில். உறையில் போட்டுக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு நிரஞ்சனைக் கொண்டுவந்தார்கள். கிருஷாந்தியைக் கட்டவிருந்தவன். நிலையத்தில் தமிழ் தெரிந்தவள் சர்மிளா ஒருத்திதான். அவள் சிங்களத்தில் சொல்வதுதான் அவனுடைய வாக்குமூலம். பகலுக்குள் நீதவான் முன் நிறுத்தினால் விளக்கமறியலில் அடைத்துவிடுவார்கள். உள்ளே போன தோட்டத்துப் பையனை வெளியே எடுக்க யாரும் மெனக்கெடமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும்.

“மோதிரம் ஒன்னோடதா?”

“ஆமா மேடம். பரிசம் போட்டன்னைக்கு அவ போட்டுவிட்டது.”

“அவ கைக்கு எப்படிப் போச்சு?”

“இறுக்கமா இருந்துச்சு. சோப்பு போட்டுக் கழட்டி, பெருசாக்கிட்டு வான்னு முந்தாநேத்து குடுத்தேன். கடைக்குக் கொண்டு போனா.”

“நேத்து சாயங்காலம்?”

“காய்ச்சல். லயத்துல படுத்திருந்தேன்.”

“யார் பாத்தா?”

“ஒண்டியாளு மேடம். யாரு பாப்பா.”

“அவகூட சண்டையா?”

“என்கூட இல்ல. மொதலாளிகூடத்தான். போத்தல் கண்ணாடியில பெயிண்டு புள்ளி வச்சு சனிக்கல்லுன்னு விக்கிறாராம். நம்ம சனத்துக்கு அந்தக் குப்பைய என் கையால பதிக்க மாட்டேன், ஊரெல்லாம் சொல்லிருவேன்னு சொன்னாளாம்.”

வீரக்கோன் மோதிரத்தை எடுத்து அவன் விரலில் மாட்டினார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. “அளவெடுத்தது மாதிரி இருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்?”

அந்த விரலில் பழைய இறுக்கம் பதிந்த பள்ளம் இன்னும் ஆறவில்லை. சர்மிளா அதைப் பார்த்தாள். பிறகு அவன் போனில் பரிசத்துப் படத்தைத் தேடி எடுத்தாள். படத்தில் கல்லின் நடுவே மூன்று பூக்கள் ஒரே வரிசையில் இருந்தன. கையிலிருந்த மோதிரத்தில் பூக்கள் ஒரு மூலையில் குவிந்திருந்தன.

“அப்படியானால் இது வேறு மோதிரமா? அவனே தன்னுடையது என்கிறானே,” என்றார் வீரக்கோன்.

அவள் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சேர், கடைக்கு ஒரு தடவை போய் வருவோம்.”

பத்தரை மணி. கடையின் கதவு பாதி இறக்கியிருந்தது. பிரதாபன் கண்ணைத் துடைத்தபடி எழுந்தார்.

“என் மக மாதிரிங்க அந்தப் பொண்ணு.”

“பட்டறையில வேற யாரு வேலை செய்யறா, மொதலாளி?”

“நாங்க ரெண்டு பேருதான். வெள்ளி வேலை நானு, கல்லு வேலை அவ. சாவிகூட என்கிட்ட ஒண்ணுதான்.”

“நிரஞ்சன் மோதிரத்தைப் பெருசாக்கக் கொண்டாந்தாளா?”

“இல்லைங்களே. செஞ்சு போனதோட சரி. அதுக்கப்புறம் அத நான் கண்ணாலயே பாக்கல.”

கிருஷாந்தியின் மேசையில் வெள்ளிக் கட்டிலிருந்து கழற்றிய கற்கள் துணிமேல் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முகத்தில் மட்டும் கடுகளவு சிவப்பு அரக்கு.

“இந்தப் பொட்டு எதுக்கு?”

பிரதாபன் எட்டிப் பார்த்தார். “தெரியலைங்க. அது அவ பழக்கம்.”

சர்மிளா உறையைப் பிரித்தாள்.

“மோதிரத்தைப் பெருசாக்கணும்னா வெள்ளிய வெட்டி நெருப்புல ஒட்டணும். கண்ணாடிக் கல்லு சூடு தாங்காது, வெடிச்சிரும். அதனால மொதல்ல கல்லைக் கழட்டணும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தட்டையான கல்லு. எது மேல்பக்கம்னு மாறிடாம இருக்க அவ பொட்டு வப்பா. பதிக்கிறப்ப சுரண்டிருவா.”

பிரதாபன் கற்கள் கிடந்த துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

“சோப்பு போட்டுக் கழட்டுன மோதிரம் இன்னைக்கு வழுக்கிட்டுப் போகுது. அப்ப பெருசாக்கியாச்சு, நெருப்புக்குப் போயிருக்கு. வெள்ளி வேலை நீங்க. பாக்கவே இல்லங்கிறீங்க.” மோதிரத்தைக் கவிழ்த்துப் பிடித்தாள். “பரிசப் படத்துல இருக்கிற மூணு பூவும் அடியில கிடக்கு. பொட்டும் அடியில. இது ரத்தம் இல்ல, அரக்கு. அவ பதிச்சிருந்தா பொட்டும் இருக்காது, கல்லும் கவிழாது. பையன்மேல பழி போடணும், ஆனா மோதிரம் கல்லு வேற வெள்ளி வேறயா கிடக்கு. அவசரத்துல கல்லை நீங்களே பதிச்சு அவ கையில திணிச்சீங்க. எது மேல்பக்கம்னு கேக்கலாம்னா, கேக்கவேண்டிய ஆள நீங்க கொன்னுட்டீங்க.”

பிரதாபன் துணிமேல் கிடந்த கற்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுப்பாத்தாங்க தெரிஞ்சுச்சு.”

சர்மிளா அதைச் சொல் மாறாமல் சிங்களத்தில் சொன்னாள். வீரக்கோன் விலங்கை எடுத்தார்.

நிரஞ்சனை விட்டபோது மலையில் மழை இறங்கியிருந்தது. அவன் போகாமல் வாசலில் நின்றான்.

“மோதிரம் கெடைக்குமா மேடம்?”

“வழக்கு முடியட்டும் தம்பி.”

“குடுக்கிறப்ப அந்த மூணு பூவும் மேல வர்ற மாதிரி பதிச்சுத் தருவாங்களா?”

“அதுக்கு இப்ப ஆள் இல்ல,” என்றாள் சர்மிளா.