மேற்கு மூலைக் கல்

உள்ளே நுழையும்போதே ஹாலிஸ் பேக்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பேச்சைத் தொடங்க வழி தெரியாமல் அதன் விளிம்பைத் திருகிக்கொண்டே நின்றார்.

“சார், எங்கம்மா விஷயத்துல டாக்டர் கைவிரிச்சுட்டாரு. அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ‘தேவதாரு மரத்தடியில நம்ம சனங்களோட என்னைப் படுக்க வைடா’ங்கறாங்க. அந்த இடம் இப்ப எவரெட் கோஃபர் நிலத்துக்குள்ள எங்கியோ இருக்கு. அவன் அங்க குளம் வெட்டப் போறான். திங்கக்கிழமை மெஷின் வருது.”

ஆம்ப்ரோஸ் வின்போர்ன் உட்காரும்படி கைகாட்டினார். வர்ஜீனியாவின் கடலோரத் தாழ்நிலத்தில் நாற்பது ஆண்டுகள் நிலம் அளந்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் சிக்கலான நிலத் தகராறுகள் அவர் வாசலைத் தேடி வந்தபடியே இருந்தன. பக்கத்து நாற்காலியில் லொரெட்டா புரூடன் ஏற்கெனவே பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் கார்ல், ஆம்ப்ரோஸ் நிலம் அளக்கும்போது அளவுச் சங்கிலி பிடித்தவன். போன குளிர்காலத்தில் அவன் இறந்த பிறகு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் அவளே உதவிக்கு வந்துவிட்டாள். மண்ணுக்குள் புதைந்ததைக் குத்தித் தேடும் அவனுடைய இரும்புக் குத்துக்கம்பி இன்னும் அவள் காரின் பின்பக்கத்திலேயே கிடந்தது.

“எவரெட் என்ன சொல்றான்?” என்றார் ஆம்ப்ரோஸ்.

“‘கல்லறை எங்கன்னு காட்டு, நீ அந்த ரத்தம்னு காட்டு, நானே வேலி போட்டுத் தரேன்’னு சொல்றான். பிடிவாதக்காரன், ஆனா பொய்யன் இல்ல.”

மறுநாள் கோர்ட்டு ஆவண அறையில் லொரெட்டா ஒரு பழைய உயிலைக் கண்டுபிடித்தாள். இங்கிலாந்து ராஜா ஆண்ட காலத்தில் எவரெட்டின் மூதாதை மேத்யூ கோஃபர் எழுதியது. மங்கிய மசியை விரலால் தொடாமல் தொடர்ந்து, மெல்லப் படித்தாள்.

“‘என் மனைவி ஹன்னா உறங்கும், தேவதாருக்கள் நிற்கும் அரை ஏக்கர், என்றென்றும் உழப்படாமல் அவள் வயிற்றுச் சந்ததியாருக்கே இருக்கட்டும்... என் மருமகன் ஜோசையா பேக்லிக்கு, அவன் இப்போது குடியிருக்கும் நிலம்.’ ஆம்ப்ரோஸ்! மருமகன்னு இருக்கு! ஜோசையா ஹன்னாவோட மகளைக் கட்டியிருக்கான். கேஸ் முடிஞ்சது!”

“ஜோசையாவுல இருந்து ஹாலிஸ் வரைக்கும்?”

“ஒரு கண்ணி அறாம எல்லா உயிலும் இருக்கு.”

“சரி. மேத்யூவுக்கு மகள் எத்தனை?”

லொரெட்டா மறுபடி படித்தாள். இரண்டு மகன்கள். மகள் என்ற சொல்லே இல்லை.

“மகள் முன்னாடியே செத்துப் போயிருக்கலாமே?”

ஆம்ப்ரோஸ் இன்னொரு தொகுதியைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினார். ஹென்றி டெல்க் என்பவரின் உயில். அதில், ‘என் மகள் ஆன், ஜோசையா பேக்லியின் ஒரே மனைவி’ என்றிருந்தது.

“அப்போ அவன் டெல்க் வீட்டு மாப்பிள்ளை,” என்றாள் லொரெட்டா, சுருதி இறங்கி. “கோஃபர் வீட்டுக்கு அவன் எப்படி மருமகன்?”

“அதைத்தான் நிலத்துகிட்ட கேக்கணும்.”

ஹாலிஸையும் ஏற்றிக்கொண்டு கோஃபரின் நிலத்துக்குள் போன கொஞ்ச நேரத்தில் காரின் சக்கரம் மணலில் புதைந்து சுழன்றது. முட்டுக் கொடுக்க ஒரு கல் தேடி லொரெட்டா வயல் முழுக்க அலைந்தாள். ஒன்றுகூட அகப்படவில்லை. கடைசியில் பைன் கிளையை ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் திணித்தாள்.

எவரெட் கோஃபர் நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே நின்று வேடிக்கை பார்த்தார்.

“என்னடா ஹாலிஸ், கல்லறையத் தோண்டச் சொன்னா காரைப் புதைக்கிறீங்க?”

“வந்து தள்ளேண்டா. வாய் மட்டும் எட்டுக் குதிரை இழுக்குது.”

இருவரும் சேர்ந்தே தள்ளினார்கள். பிறகு எவரெட் அவர்களை மேற்கு வேலிப் பக்கம் அழைத்துப் போனார். தேவதாரு ஒன்றுகூட இல்லை. வேலிக்குள்ளே சற்றுத் தள்ளி, முழங்கால் உயரத்தில் சாம்பல் நிறக் கல் ஒன்று தனியாக நின்றது. கிழக்கு முகத்தில் இரண்டே எழுத்து: டபிள்யூ, பி.

“வெஸ்ட் பவுண்டரி, மேற்கு எல்லை,” என்றார் எவரெட். “எங்க தாத்தா காலத்துல இருந்து இதுதான் மேற்கு மூலைக் கல். கல்லறை கில்லறை எதுவும் இங்க கிடையாது.”

ஆம்ப்ரோஸ் கல்லின் முன் குத்துக்காலிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தபோது அவர் குரல், தேவாலயத்துக்குள் பேசுவதுபோல் தாழ்ந்திருந்தது.

“லொரெட்டா, சக்கரத்துக்குக் கல் கிடைச்சுதா?”

“எங்க கிடைக்கும்? இந்தச் சீமையில பறவைய விரட்டக்கூடக் கல் கிடையாது. எல்லாம் மணலும் களிமண்ணும்தான்.”

“அதான் விஷயம். நாற்பது வருஷம் அளந்திருக்கேன். இங்க பழைய பத்திரம் எதுலயும் எல்லைன்னா மரம்தான். எவரெட், உன் பத்திரத்துல கிழக்கு மூலை?”

“வெள்ளை ஓக்கு.”

“தெற்கு?”

“கருங்கோந்து மரம்.”

“மேற்கு?”

“சிவப்பு ஓக்கு,” என்றார் எவரெட் மெதுவாக. “பட்டுப்போன பிறகு இந்தக் கல்லை நட்டிருப்பாங்கன்னு நினைச்சேன்.”

“எல்லைக்கு நட்ட கல் வேலிக்கு உள்ள தள்ளியா நிக்கும்? அதுவும், புகையிலைக்கு மாத்தா கப்பல்ல கடல் தாண்டி வந்த கல்லு இது. வேலி மூலைக்கு அவ்வளவு விலை யார் குடுப்பா? மனுஷங்க ஒரு காரியத்துக்குத்தான் குடுப்பாங்க. இது கல்லறையோட கால்மாட்டுக் கல். கால்மாட்டுல முதலெழுத்து மட்டும்தான் வெட்டுவாங்க. உயிர்த்தெழற அன்னிக்கு சூரியனைப் பாத்து எழுந்திருக்கணும்னு, காலைக் கிழக்கே வச்சுத்தான் படுக்க வைப்பாங்க.”

“டபிள்யூ, பி...” ஹாலிஸ் கல்லருகே குனிந்தார். “பி-ன்னா பேக்லி!”

“ஜோசையாவோட அப்பனா இருக்கணும்,” என்றார் ஆம்ப்ரோஸ். “உயில்ல இருக்கற ‘சன்-இன்-லா’வை மருமகன், அதாவது மகளோட புருஷன்னு நாம படிச்சோம். அந்தக் காலத்துல இங்க அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. மனைவி முதல் புருஷனுக்குப் பெத்த பிள்ளையையும் அதே வார்த்தையாலதான் சொல்லுவாங்க. மேத்யூ ஹன்னாவைக் கட்டினப்போ அவ விதவை. கையில ஒரு பையன் இருந்தான். அவன்தான் ஜோசையா.”

“ஊகம்தானே?” என்றார் எவரெட். ஆனால் அந்தக் குரலில் பழைய முறுக்கு இல்லை.

“ஊகம்தான். தலைமாட்டுக் கல் இருந்தா அது சொல்லும். லொரெட்டா, கார்லோட கம்பி.”

கல்லிலிருந்து மேற்கே ஓர் ஆள் நீளம் நடந்து லொரெட்டா கம்பியை ஊன்றினாள். கார்லின் கை பட்டுத் தேய்ந்த பிடி அது. மண் வெண்ணெய்போல் வழிவிட்டது. திடீரென்று ‘டங்’ என்ற ஓசை. அந்த அதிர்வு உள்ளங்கை வழியாகத் தோள்வரை ஏறியது. இதைத்தான் அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆயிரம் முறை சொல்லியிருக்கிறான். அவள் தலையாட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போயிருக்கிறாள்.

தெற்கே நகர்ந்து ஊன்றினாள். மறுபடியும் கல். இன்னும் தெற்கே. மூன்றாவது கல்.

எவரெட்தான் முதலில் மண்டியிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளினார். விழுந்து புதைந்திருந்த மூன்றில் நடுவிலிருந்த கல் வெளிவந்தது. அவர் சட்டைக் கையால் துடைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“‘ஹன்னா. வில்லியம் பேக்லிக்கும், அவருக்குப் பின் மேத்யூ கோஃபருக்கும் மனைவி. இருவருக்கும் நடுவே உறங்குகிறாள்.’”

ஒரு காட்டுப்புறா எங்கோ கூவி ஓய்ந்தது. தேசம் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு பெண் இங்கே, ஒரு பக்கம் ஒருவனும் மறுபக்கம் ஒருவனுமாக, விடியலைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அவள் மேல் மழை பெய்திருக்கிறது, போர் நடந்திருக்கிறது, கடலை விளைந்திருக்கிறது. லொரெட்டாவுக்கு மூச்சு விடக்கூடக் கூச்சமாக இருந்தது.

எவரெட் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

“ஆம்ப்ரோஸ் சார், அப்போ ஹாலிஸோட அம்மா எனக்கு என்ன முறை வேணும்?”

“அவங்க வாக்கப்பட்ட வீடும் உன் வீடும் ஒரே வயித்துல பிறந்தது. ரொம்ப தூரத்துப் பெரியம்மான்னு வச்சுக்க.”

எவரெட் குளம் வெட்டக் குறித்து அடித்திருந்த முளைக்குச்சிகளைப் பார்த்தார். நடந்து போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கடைசிக் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹாலிஸிடம் வந்தார்.

“ஓடுடா, அம்மாகிட்ட போய்ச் சொல்லு. தேவதாரு போயிடுச்சு, இடம் இருக்குன்னு சொல்லு. பெரியம்மாவுக்கு இடமில்லைன்னு சொல்ற குடும்பமாடா எங்க குடும்பம்?”

ஹாலிஸ் ஓடினார். வயதான மனிதர் செடிகளுக்கு நடுவே தொப்பி பறக்க ஓடுவதை மூவரும் பார்த்து நின்றார்கள். லொரெட்டா கம்பியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைக்கப் போனவள், என்னவோ தோன்ற, துடைக்காமலேயே காரில் வைத்தாள்.